விரால் எதை விழுங்கியது?

அகநானூற்றின் 36ஆம் பாடலைப் பற்றிச் சில வருடங்களுக்கு முன்பு ஒரு கட்டுரை எழுதினேன். தமிழில் தூண்டில்மீன் பற்றி எழுதப்பட்டவற்றில் அதற்கு மிஞ்சி ஒன்றும் இல்லை என்பது கட்டுரையின் சாரம். கண்மாய்க்கரையில் தூண்டிலோடு வளர்ந்தவன் நான் என்பதையும் கொஞ்சம் பெருமையாகவே அதில் சேர்த்திருந்தேன். மறுவாரம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒரு பெண்மணி. இரண்டு வரி பாராட்டு, பிறகு ஒரு கேள்வி. விராலைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், அது விழுங்கிய இரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே, அந்தப் பாட்டில் இரை யார்?

கவிஞரின் கண் விரால் மேல் இருக்கிறது, அதனால் என் கண்ணும் அங்கேதான் இருந்தது என்று பதில் போட்டேன். அலுவலகத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் புகாரை, 'அது அப்படித்தான் வேலை செய்யும்' என்று எழுதி மூடுவோமே, அந்தத் தொனி. அவர் மறுபடி எழுதவில்லை. அந்தக் கேள்வியை நான் மறந்தும் போனேன். போன தைப்பொங்கலுக்கு கீழக்குயில்குடிக்குப் போன இடத்தில்தான் அது திரும்ப வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பாட்டு.

பாடியவர் மதுரை நக்கீரர். மருதத்திணை. பரத்தையிடம் போய்விட்டு வீட்டு வாசலில் வந்து நிற்கும் தலைவனிடம் சொல்லப்படுவது. நேரடியாகத் திட்டாமல் அவன் ஊரின் குளத்தை வர்ணிப்பதில் தொடங்குகிறது. அகன்ற வாயும் உடலில் வரிகளும் கொண்ட கரிய பெரிய ஆண் விரால் ஒன்று வளைந்த இரும்பில் இருந்த இரையை விழுங்கிவிடுகிறது. உடனே எகிறுகிறது. ஆம்பல் இலை கிழிகிறது, குவளைப் பூக்கள் சிதைகின்றன, வள்ளைக்கொடியெல்லாம் சிக்கலாகிறது. தூண்டில்காரன் இழுக்கிறான், வரமாட்டேன் என்கிறது. கயிறு கட்டி இழுத்தால் முரண்டு பிடிக்கும் கோபக்காரக் காளை மாதிரி விடியற்காலைக் குளத்தைக் கலக்கியடிக்கிறது. அப்படிப்பட்ட ஊர்க்காரனே என்று அவனை விளித்த பிறகுதான் விஷயம் வருகிறது. வையைத் துறையில், மருதமரச் சோலையில், கூந்தலும் சிறுவளையும் கொண்ட ஓர் இளம்பெண்ணோடு நீ மணம் கொண்டாடினாயாம். அந்தப் பேச்சு ஊரெங்கும் எழுந்துவிட்டது. தலையாலங்கானத்தில் நெடுஞ்செழியன் எழுவரை வென்றபோது அவன் படை போட்ட ஆரவாரத்தைவிட அது பெரிது.

என் பழைய கட்டுரை முழுக்க அந்த முதல் பகுதியின் துல்லியத்தைப் பற்றியது. அதில் எதையும் இப்போதும் மாற்றமாட்டேன். முள் பட்ட விரால் கடல்மீன் போல நரம்பை உருவிக்கொண்டு தூரமாக ஓடாது. பக்கத்தில் இருக்கும் கொடிக்குள்ளும் தாமரைத் தண்டுக்குள்ளும் புகுந்து சுற்றிக்கொள்ளும். கொடி சிக்கலாவதை நக்கீரர் சொல்வது வெறும் அலங்காரத்துக்காக அல்ல, விரால் உண்மையிலேயே செய்யும் காரியம் அது. தலையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டிப் பின்வாங்கும். கயிற்றுக் காளையை அப்படியே பார்க்கலாம். விடியற்காலை என்பதும் சரி. வெயில் ஏறிவிட்டால் விரால் எடுப்பது குறைந்துவிடும். 'போத்து' என்ற சொல்லைப் போட்டு ஆண் என்று சொல்லியிருப்பதும் கவனமாகத்தான். நீர்வாழ்வனவற்றின் ஆணுக்கு அந்தச் சொல் பொருந்தும் என்கிறது தொல்காப்பிய மரபியல். கரையில் நின்று விரால் பிடித்தவனையோ, பிடித்தவனோடு நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தவனையோ தவிர வேறு யாராலும் இதை எழுத முடியாது என்று எழுதியிருந்தேன்.

அதில்தான் ஓட்டை. இழுக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். கோத்தவன் பக்கத்தில் உட்காரவில்லை.

கீழக்குயில்குடி என் அம்மா ஊர். மதுரைக்கு மேற்கே சமணர் மலையின் அடிவாரம். மலையடியில் அய்யனார் கோயில், முன்னால் தாமரைக்குளம், ஆலமரம். இன்று ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவோடு ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. எங்கள் முழுப்பரீட்சை லீவெல்லாம் கழிந்தது கண்மாய்ப் பக்கம். கோடையில் தண்ணீர் வற்றி, மேட்டில் ஏர்விரிசல் விட்டு, நடுவில் பள்ளத்தில் மட்டும் கிடக்கும். ஊத்தாவும் கச்சா வலையும் வைத்து ஊரே இறங்கிப் பிடிக்கிற நாள் ஒன்று வரும். அதற்கு முன்பு, மீன்பாசி ஏலம் எடுத்தவர் கண்டும் காணாமல் இருக்கும் நாட்களில், தூண்டில் போடுகிறவர்கள் ஆளுக்கொரு மூலையில் குத்தவைத்திருப்பார்கள். என் தாய்மாமா அதில் ஒருவர். வெரால் தவிர வேறு எதற்கும் தூண்டில் போடமாட்டார். மண்புழுவைத் தொட மாட்டார். "புழுவுக்கு வர்றதெல்லாம் குழம்புக்கு. வெராலுக்கு உசுரு வேணும் மாப்ள."

உசுரு என்றால் உயிரோடு இருக்கும் கெண்டைக்குஞ்சு, இல்லாவிட்டால் சின்னத் தவளை. பழைய வேட்டியை நாங்கள் இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து வாய்க்காலில் அரித்தால் கெண்டையும் அயிரையுமாகக் கிடைக்கும். அயிரை வீட்டுக்குப் போகும், மதுரைக்காரன் அதைத் தூண்டிலில் வீணடிக்கமாட்டான். கெண்டையில் சுண்டுவிரல் நீளத்தை மட்டும் பொறுக்கி பெயிண்ட் டப்பாவில் போட வேண்டும். அதே கண்மாய்த் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கருவேல நிழலில் வைக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். எடுக்கும்போது கை நனைந்திருக்க வேண்டும், உலர்ந்த கையில் பட்டால் உடம்பின் வழுவழுப்பு போய்விடும், போனால் சீக்கிரம் சோர்ந்துவிடும். இவ்வளவும் எங்கள் வேலை. டப்பாவில் ஒன்று மல்லாந்தால் மாமா எங்களைத்தான் திட்டுவார்.

கோக்கும் இடம் மூன்று. நீர் தேங்கிக் கிடக்கும் கண்மாயில் முதுகுத் துடுப்புக்குக் கீழே, நடுமுள்ளுக்கு மேலே, சதையில் மட்டும். ஓடும் வாய்க்காலில் என்றால் கீழுதட்டிலிருந்து மேலுதட்டுக்கு, அப்போதுதான் நீரை எதிர்த்து முகம் காட்டி நிற்கும். கரையை விட்டு உள்ளே போகவேண்டும் என்றால் வாலடியில், அது வலியிலிருந்து விலகி முன்னால் நீந்திக்கொண்டே இருக்கும். தவளையானால் தொடைத்தோல். நரம்பில் ஒரு சின்ன ஈயக்குண்டு, அதற்கு மேலே நெட்டியில் செதுக்கிய தக்கை. கழியைக் கரையில் குத்தி அடியில் கல் அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். "மேலாப்புல கோக்கணும். நடுமுள்ளுல பட்டுச்சுன்னா செத்துரும். செத்ததுக்குக் கெளுத்திதேன் வரும். இது பதறணும். பதறுனாத்தேன் வெராலு திரும்பிப் பாக்கும்."

தக்கையைப் படிப்பதற்கும் மாமா ஒரு பாடம் வைத்திருந்தார். சும்மா நீந்தும் கெண்டை தக்கையை மெதுவாக இங்கிட்டும் அங்கிட்டும் இழுக்கும். சட்டென்று தக்கை ஒரே இடத்தில் நின்று வெடவெடவென்று நடுங்க ஆரம்பிக்கும். கை கழிக்குப் போக வேண்டிய நேரம் அது. விரால் இன்னும் தொட்டிருக்காது. விராலைக் கெண்டை பார்த்துவிட்டது, அவ்வளவுதான். பிறகு தக்கை மறையும். உடனே சுண்டினால் கெண்டை மட்டும் கையோடு வரும், பற்குறியோடு. வாயில் கவ்வியதைத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்க விராலுக்கு அவகாசம் தர வேண்டும். பத்து எண்ணுவோம். பத்தாவதில் மாமா கழியை என் கையில் தருவார்.

இருபது வருடம் இப்படித்தான். கோத்தது அவர், இழுத்தது நான். கல்லூரி, வேலை, பெங்களூர் என்று போன பிறகு ரீல் வைத்த ஃபைபர் கழியெல்லாம் வாங்கினேன், ஆனால் ஊருக்குப் போனால் முள்ளில் இரை ஏற்றும் வேலையை அவரிடமே நீட்டிவிடுவேன். போன பொங்கலுக்கு அவர் கை நடுங்கியது. வயது. இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார். "நீயே கோரு மருமகனே."

கோத்தேன். ரத்தம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. விரல்களுக்கு நடுவில் ஒரு நடுக்கம், முள் சதையைத் தாண்டும்போது சின்னதாக ஒரு தடை, பிறகு அது தண்ணீருக்குள் போய்விட்டது. எத்தனையோ நாள் தூரத்திலிருந்து தக்கையில் பார்த்த அதே நடுக்கம்தான். உட்கார்ந்து தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது.

இந்த இடத்தில் என்மேல் ஒரு சந்தேகம் எழலாம். சமணர் மலையைப் பார்த்தபடி ஒருவன் உயிர்மீனை முள்ளில் கோக்கிறான், அகிம்சை பற்றி ஒரு பத்தி வரப்போகிறது என்று. அந்த முரணை வைத்துக் கட்டுரை எழுதுவது எளிது, எல்லோரும் எழுதியாயிற்று. அதனால் மலையைப் பற்றி ஒன்றே ஒன்று மட்டும். செட்டிப்புடவில் அமர்ந்திருக்கும் பெரிய உருவத்தைத்தான் வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். மேலே பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக உள்ள சிறிய உருவங்களில் ஒன்றின் அடியில் வட்டெழுத்தில் ஒரு பெண் பெயர் இருக்கிறது. குணமதியார், அச்சணந்தியின் தாயார், அந்தத் திருமேனியைச் செய்வித்தவர். ஆயிரம் வருடத்துக்கு மேலாகியும், யார் செய்யவைத்தது என்ற கேள்விக்கு அந்தப் பாறையில் பதில் இருக்கிறது.

உயிரிரையைப் பற்றி உலகத்தில் எழுதியவர்கள் யார் யார் என்று பிறகு தேடிப் படித்தேன். 1653இல் வந்த ஐசக் வால்டனின் 'த கம்ப்ளீட் ஆங்லர்' ஆங்கிலத்தில் இந்தத் துறைக்கே வேதம் மாதிரி. அதில் பைக் என்ற வேட்டைமீனுக்கு, நம் விரால் போலக் கொடிக்குள் பதுங்கி நின்று பாயும் ஜாதிக்கு, உயிர்த்தவளையைக் கோக்க முறை சொல்கிறார். முள்ளை வாய்வழியே விட்டுச் செவுள்வழியே எடுத்து, ஊசிநூலால் தொடையை ஒரு தையல் போட்டு இணைக்க வேண்டும். இதைச் செய்யும்போது அந்தத் தவளையை நேசிப்பவன் போலக் கையாளச் சொல்கிறார். காரணத்தையும் ஒளிக்கவில்லை. காயம் குறைந்தால் கூடுதல் நேரம் உயிரோடு இருக்கும். இதே மனிதர், ஆகஸ்டில் தவளையின் வாய் மூடிக்கொண்டு ஆறு மாதம் அப்படியே இருக்கும் என்றும் நம்பியவர், ஆகவே எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த நேசத்தைப் பற்றிய வாக்கியம் மாமாவின் நனைந்த கைதான். 170 வருடம் கழித்து பைரன் தன் 'டான் ஜுவான்' காவியத்தின் பதின்மூன்றாம் காண்டத்தில் வால்டனைக் கொடூரக் கிழவர் என்று வைது, அவர் தொண்டையிலேயே ஒரு முள்ளைப் போட்டு இழுக்க ஒரு சின்ன மீனையும் விட வேண்டும் என்றார். கைதட்டலாம். ஆனால் பைரன் இலக்கிய ரீதியாக ஒன்றும் செய்யவில்லை என்று எனக்குப் படுகிறது. கிழவரை மீனின் இடத்தில் வைத்தார், அவ்வளவே. தவளை அங்கேயும் தவளையாகவே கிடக்கிறது. வால்டனாவது அதன் தொடை எங்கே, செவுள் எங்கே என்று பார்த்தார்.

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' (1952) கரையில் நடப்பதல்ல, இரைகளும் செத்தவை. ஆனாலும் சொல்ல வேண்டும். சாந்தியாகோ நான்கு இரைகளை நான்கு ஆழங்களில் இறக்கும் பகுதி, இரைமீனின் உடலுக்குள் முள்ளின் தண்டு மறைந்திருப்பதும், வெளியே தெரியும் இரும்பெல்லாம் சிறுமத்திகளால் மூடப்பட்டிருப்பதும், அந்தக் கதையின் மிகச் சிறந்த பக்கம் என்று நினைக்கிறேன். பின்னால் வரும் மூன்று நாள் மல்லுக்கட்டைவிட. அங்கே கோக்கும் கையும் இழுக்கும் கையும் ஒன்று. எந்த மீன் எந்தக் கண்வழியே கோக்கப்பட்டது என்று அந்தக் கிழவனுக்குத் தெரியும், அதைப் பிடித்துக் கொடுத்த சிறுவன் யார் என்று வாசகனுக்கும் தெரியும். நம்முடைய நெய்தல் நாவல்களில் கடலும் மரமும் வலையும் சாவும் பிரமாதமாக வந்திருக்கின்றன. கரையில் ஒற்றைத் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவன் வந்தது குறைவு.

தமிழில் தூண்டில் பெரும்பாலும் உவமைக்குத்தான் போயிற்று. குறள் 931 சூதாட்டத்தில் ஜெயிப்பதை, தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறது. ஏமாந்த மீனுக்கு அறிவுரை. சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்று பேச்சில் சொல்கிறோம், சொல்லும்போது எல்லோரும் பிடிக்கிறவன் பக்கம் நிற்கிறோம். எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு இரண்டு முறை போலி மின்னஞ்சல் அனுப்பி யார் தொடுகிறார்கள் என்று பார்ப்பார்கள். தொட்டால் பயிற்சி வகுப்பு. அதிலும் கவலை விழுங்குகிறவனைப் பற்றியதுதான்.

சங்கப்பாட்டில் விலக்காக ஓரிடம் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு பாண்மகனைக் காட்டுகிறார். பச்சைக்கறி நிறைத்த தோல்பையைத் தோளில் மாட்டியிருக்கிறான், நீண்ட மூங்கில் தூண்டில் வைத்திருக்கிறான். வாளை ஒன்று இரும்பு வெறுமையாகும்படி இரையை மட்டும் கவ்விக்கொண்டு தப்பிவிடுகிறது. தப்பிய வாளை அன்றிலிருந்து தண்ணீரோரப் பிரம்பின் நிழல் ஆடினாலே மிரள்கிறது. கழி என்று நினைத்து! அகநானூற்று விராலைவிட இந்த வாளையை இப்போது நான் ஒரு படி மேலே வைப்பேன். அது வீரம், இது நினைவு. இங்கே பையில் என்ன இருந்தது என்று கூட நமக்குச் சொல்லப்படுகிறது. சுமப்பவனின் தோள்வரை கவிஞரின் கண் போயிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு 36க்குத் திரும்பினேன். கல்லூரிக் காலத்தில் ஒரு தமிழாசிரியர் எனக்கு அதன் உள்ளுறையைச் சொல்லித்தந்திருந்தார். விரால் தலைவன், இரை பரத்தை, கலங்கிய குளம் அலர் எழுந்த ஊர். கேட்டதும் சரியாகப் பொருந்திவிடுகிறது, அதனால் மேலே யோசிக்கத் தோன்றுவதில்லை. யோசித்தால் ஒரு பாத்திரம் மிச்சம் இருக்கிறது. தூண்டில்காரன் யார்? அந்தப் பெண் இரை என்றால் அவளை யார் கோத்தது? அவளுடைய வீட்டாரா, நடுவில் நின்று பேசிமுடித்த பாணனா? அல்லது, வாங்கினால் வராதவன் என்றால் வீட்டுக்கு இழுத்துப்பார்த்துத் தோற்றவள் மனைவி, ஆகவே தூண்டில் அவளுடையதா? அப்படியானால் இரை பரத்தையாக இருக்க முடியாது, வேறு ஏதோ ஒன்று. உள்ளுறை இந்த இடத்தில் இரண்டாகப் பிளக்கிறது. நான் அந்தப் பிளவைக் கவனிக்காமல் தாண்டியதற்குக் காரணம், பாட்டில் தூண்டில்காரன் வருவதே இழுக்கும்போதுதான். கோக்கும்போது அவன் அங்கே இல்லை. என்னை மாதிரி.

பெயர் இல்லை என்று குறை சொல்லவில்லை. அகப்பாட்டில் ஆளைச் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு, தலைவனுக்கும்தான் பெயர் இல்லை. (தோற்ற எழுவருக்கு மட்டும் அத்தனை பெயரும் உண்டு: சேரன், செம்பியன், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன். போரில் தோற்றால் பாட்டில் இடம் கிடைக்கும் போல.) என் குறை கவனத்தைப் பற்றியது. விராலுக்கு வாய், வரி, நிறம், பால், கோபம் எல்லாம் இருக்கிறது. கிழிந்த இலை எந்தச் செடியினது என்று தெரிகிறது. இரைக்கு இருப்பது ஒரே அடைமொழி, அதுவும் கவ்வப்படுவது என்ற பொருளில். வையைத் துறையில் இருந்த பெண்ணுக்குக் கூந்தலும் வளையும். இரண்டும் எடுத்துக்கொள்கிறவன் கண்ணுக்குப் படுபவை. அவ்வளவு கூர்மையான கவிஞருக்கு, தக்கை நடுங்குவது விராலால் அல்ல என்பது தெரியாமலா இருந்திருக்கும்?

36 மோசமான பாட்டு என்றா சொல்கிறேன்? இல்லை. மனைவி பக்கத்து வாயிலிருந்து வரும் பாட்டு, அவள் தரப்புக்குப் பரத்தை இரையாகத்தான் தெரிவாள். கோபத்தில் அது நியாயம். தவறு என்னுடையது. ஒரு கட்சியின் வாக்குமூலத்தை மீன்பிடியின் முழு உண்மை என்று புகழ்ந்தேன். மறுதரப்பின் வாக்குமூலம் அதே அகநானூற்றில் 180 பாட்டு தள்ளி இருக்கிறது.

216ஆம் பாடல், ஐயூர் முடவனார். பேசுகிறவள் பரத்தை. மனைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழட்டும் என்றே பேசுகிறாள். அவளும் தலைவனின் ஊரைச் சொல்லித்தான் தொடங்குகிறாள், அங்கேயும் ஒரு விரால் இருக்கிறது. ஆனால் அது எகிறவில்லை, எதையும் கலக்கவில்லை. நாண் கட்டிய மெல்லிய கோலால் மீன் பிடிக்கும் ஒரு பாண்மகள், நீரோரக் கரையில் அதைக் கிடத்திவிட்டாள். நறவு குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அப்பனுக்கு வஞ்சி விறகில் சுட்டு ஊட்டிவிடுகிறாள். பிறகு தன் கதைக்கு வருகிறாள். அவன் வீட்டுப் பெண்கள் என்னைக் கண்டபடி பேசுகிறார்களாம். பேச்சு வந்தாயிற்று, இனி என்ன ஆனால் என்ன. நான் அவர்கள் தெருவுக்குப் போனால், ஆதன் எழினியின் வேல் பாய்ந்த யானை பட்ட பாட்டை அவர்கள் படுவார்கள்.

மெல்லிய கோல் என்பதைத் தூண்டில் தெரிந்தவர்கள் இரண்டாவது முறை படிக்க வேண்டும். தடித்த கழியில் விராலைப் பிடுங்கி எறிவது பலம். மெல்லிய கோலில் அதைக் கொடிக்குள் புகவிடாமல், வளையவிட்டு, களைக்கவைத்துக் கரையேற்றுவது கைகாரியின் வேலை. 36இல் ஓர் ஆண் இழுத்துத் தோற்ற அதே மீனை 216இல் ஒரு பெண் சத்தமில்லாமல் கரையில் போட்டிருக்கிறாள். பரத்தை தன்னை எங்கே வைத்துப் பார்க்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர் அவளை இரை என்கிறது, அவள் கோல் என் கையில் என்கிறாள். பிடித்ததில் அவளுக்கு என்ன மிஞ்சியது என்பதும் அங்கேயே இருக்கிறது. விரால் போவது குடித்த அப்பன் வாய்க்குள். ஐயூர் முடவனார் அந்தக் கைகாரிக்கு வெற்றியை முழுதாகக் கொடுக்கவில்லை. 36இன் ஆரவாரத்தைப் புகழ்ந்து பத்துப் பக்கம் எழுதிய எனக்கு இந்தப் பாட்டு அப்போதே தெரியும். 'விரால் வரும் பிற இடங்கள்' என்று ஒரே வரியில் அதைத் தாண்டியிருக்கிறேன், இப்போது எடுத்துப் பார்த்தால் கூசுகிறது.

ஆனால் 216இலும் அவள் முள்ளில் எதைக் கோத்தாள் என்று இல்லை. பெண் இரையாக இருப்பதிலிருந்து எழுந்து கோலைப் பிடித்தாள், இரை இருந்த இடம் காலியாகிவிட்டது, அதைக் கவிஞரும் நிரப்பவில்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் நன்னீரில் உயிர்மீனை இரையாகக் கோப்பதைச் சட்டம் தடுக்கிறது. நம்முடைய 1960ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், வேடிக்கைக்காக ஓர் உயிரை இன்னொன்றுக்கு இரையாகும்படி வைப்பதைக் குற்றம் என்கிறது. மாமாவிடம் சொன்னேன். "வேடிக்கைக்கா பிடிக்கோம்? திங்கத்தானே" என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. மாதச் சம்பளத்தோடு பெங்களூரிலிருந்து வந்து இறங்கும் எனக்கு அந்தப் பதில் பொருந்துமா என்று அவர் கேட்கவில்லை.

கல்லூரி ஆசிரியைக்கு இப்போதுதான் ஒழுங்கான பதில் எழுதினேன். மேலே சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. நக்கீரரின் குளத்தில் இரை என்ன என்பதைப் பாட்டு தராது, ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைக் கடைசியில் சேர்த்தேன். தை மாதம், கீழக்குயில்குடிக் கண்மாய், காலை ஆறரை. கெண்டைக்குஞ்சு, சுண்டுவிரல் நீளம், முதுகில் கோத்தது, கோத்தவன் நான். தக்கை இரண்டு தடவை நடுங்கியது, விரால் எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து மாமா எழுந்துகொண்டார். முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டேன். உள்ளே போகாமல் கரையோரத்திலேயே, என் காலடிப் பக்கம், ஒருச்சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. "வா போவோம், அது பொழைக்காது" என்றார் மாமா.